தாத்தா பெயரில் உள்ள நிலம்: அப்பாவின் வாரிசுச் சான்றிதழை மட்டும் வைத்து விற்க முடியுமா?

நன்செய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நன்செய் இருக்கிறது. என் தாத்தா தம் சம்பாத்தியத்தில் 1968இல் கிரையம் வாங்கிய நிலம். தாத்தா 1994இலும் அப்பாயி 2003இலும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதியதாக யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு என் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் என நான்கு பிள்ளைகள். 1996இல் அப்பாவும் சித்தப்பாவும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கூர்சீட்டு (பாகம் பிரித்துக்கொள்ளும் சீட்டு) எழுதிக்கொண்டு, கிழக்கே கீழ்புறம் எழுபது சென்ட்டை அப்பாவும் மேற்கே மேல்புறம் எழுபது சென்ட்டைச் சித்தப்பாவும் அனுபவித்து வந்தார்கள். சின்ன அத்தை 2011இல் காலமாகிவிட்டார். அவருடைய கணவரும் ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். அப்பா 2019இல் காலமானார். அம்மா, நான், தங்கை மூவர் பெயரிலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம்.

இப்போது கீழ்புறம் எழுபது சென்ட்டை விற்க விலை பேசி முன்பணமும் வாங்கியாயிற்று. வாரிசுச் சான்றிதழ் இருக்கும்போது கிரையம் எழுதத் தடையே இல்லை என்று இங்குள்ள ஆவண எழுத்தர் ஒருவர் சொன்னார். ஆனால் வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்குரைஞர், தாத்தா, அப்பாயி இருவரின் வாரிசுச் சான்றிதழ்களும், அத்தைகள் தரப்பு தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும், உயில் எதுவும் இல்லை என்பதற்கான ஆதாரமும் வேண்டும் என்று எழுதிக் காகிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். முப்பது ஆண்டுகளாக எந்தத் தகராறும் இல்லாத நிலத்துக்கு இவ்வளவும் தேவையா, அல்லது அவர் மிகையாகப் பயப்படுகிறாரா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய எழுத்தர் எழுதியது:

பத்திரம் எழுதுவதையே தொழிலாக முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வங்கி வழக்குரைஞர் மிகையாக எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஊர் எழுத்தர்தான் ஒரு காகிதத்துக்கு அதற்கில்லாத வலுவைக் கொடுத்துப் பேசியிருக்கிறார்.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு மனைவி மக்கள் யார் யார் என்பதைச் சொல்கிறது. எந்தச் சொத்து யாருக்கு என்பதை அது சொல்வதில்லை. சொல்லும் அதிகாரமும் வட்டாட்சியருக்கு இல்லை. உரிமையில் தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். இதோடு இறங்குரிமைச் சான்றிதழையும் சிலர் போட்டுக் குழப்புகிறார்கள். அது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நீதிமன்றம் தருவது. வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் ஆகியவற்றை வசூலிக்கத்தான் அது உதவும், நிலத்துக்கு அன்று.

உங்களிடம் இருப்பது அப்பாவின் வாரிசுச் சான்றிதழ். அப்பாவுக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் உங்கள் மூவருக்கும் இறங்கும். அவர் எழுபது சென்ட்டுக்கும் முழு உரிமையாளர் என்பதற்குப் பதிவு பெற்ற பத்திரம் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பதிவான பத்திரம் 1968ஆம் ஆண்டுக் கிரையம். அதில் இருப்பது தாத்தாவின் பெயர். ஆகவே அவரிடமிருந்து இன்றுவரை நடுவில் ஒரு கண்ணியும் விடுபடாமல் சங்கிலி கோக்க வேண்டும். தாத்தா, அப்பாயி, சின்ன அத்தை, அப்பா என்று நான்கு சாவு, நான்கு சான்றிதழ்.

உயில் பற்றியும் ஒரு சொல். வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லையே, உயில் எப்படி இருக்கும் என்று பலர் கேட்பார்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுவது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில். உயில் ஏறுவது 3ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று முன்னதைப் பார்த்துத் தருவது. எழுதியவர் இறந்த பிறகு 3ஆம் புத்தகத்தைத் தேடச் சொல்லி நகல் கேட்டு யாரும் மனுச் செய்யலாம் என்பதால், தாத்தாவின் இறப்புச் சான்றோடு அங்கே ஒரு தேடுதல் மனுப் போடுங்கள். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகையால் பதிவாகாத உயில் இல்லை என்பதற்கு, வாரிசுகள் அனைவரும் சேர்ந்து பத்திரத்திலேயே உறுதி சொல்வதுதான் வழி.

நன்செய் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அத்தைகள் இருவருக்கும் 1989க்கு முன்பே திருமணம் ஆகிவிட்டது. 1989க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பங்கு கிடையாது என்றுதான் சித்தப்பா உட்பட ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். கூர்சீட்டில் அத்தைகளைச் சேர்க்காததற்கும் அதுவே காரணம். கூர்சீட்டின் முக்கியமான வரியை அப்படியே தருகிறேன் (லக்கம் என்றால் எண்; 1 அப்பா, 2 சித்தப்பா): “நம்மில் 1 லக்கமிட்டவர் கீழ்புறத்தையும் 2 லக்கமிட்டவர் மேல்புறத்தையும் இது முதல் அவரவர் பாகமாக அடைந்து சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

சட்டத்துணை எழுதியது:

அந்த 1989 கதை தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களை நீதிமன்ற வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாக இறங்கும். மகன், மகள், மனைவி, தாய் எல்லோரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். மகளுக்குத் திருமணம் ஆயிற்றா, எந்த ஆண்டில் ஆயிற்று என்ற கேள்வியே அங்கே எழாது. 1989 மார்ச் 25 என்ற தேதி, கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தைச் சேர்ந்தது. அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை அது விட்டுவிட்டது. உங்கள் தாத்தா வாங்கியது சுயார்ஜிதம், அதாவது சொந்தச் சம்பாத்தியம் என்பதால் அந்தத் திருத்தத்துக்கும் இந்த நிலத்துக்கும் தொடர்பே இல்லை.

பூர்வீக வருமானத்தில் வாங்கியது என்று சித்தப்பா வாதாடினாலும் அவருக்குப் பயனில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள், ஆகாத மகள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்துபோன பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது என்பது உண்மைதான். ஆனால் அது பதிவு பெற்ற பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும். உங்கள் கூர்சீட்டு இரண்டும் அன்று.

இனி கணக்கு. 1994இல் 140 சென்ட் ஐந்தாகப் பிரிகிறது: அப்பாயி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், ஆளுக்கு 28. 2003இல் அப்பாயியின் 28 சென்ட், அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி நான்கு பிள்ளைகளுக்கும் ஏழேழாக இறங்க, ஒவ்வொருவருக்கும் 35. சின்ன அத்தையின் 35 அவருடைய கணவர், மகள், மகன் மூவருக்கும். தகப்பன் வழியில் வந்த சொத்து ஆயிற்றே, மாமாவுக்கு எப்படிப் பங்கு என்று கேட்பீர்கள்; பிள்ளை இல்லாமல் இறந்த பெண்ணின் சொத்துதான் தகப்பன் வழிக்குத் திரும்பும். அப்பாவின் 35 உங்கள் மூவருக்கும். ஆக, எழுபது சென்ட்டுக்கு விலை பேசியிருக்கும் உங்கள் குடும்பத்துக்கு உரியது அதில் சரிபாதி அளவு. அந்த 35கூட இன்ன மூலையில் என்று சொல்ல முடியாத, நிலம் முழுவதும் விரவிய பிரிபடாப் பங்கு.

கூர்சீட்டுக்கு வருகிறேன். அதன் வலு அதிலுள்ள வினைச்சொல்லில் இருக்கிறது. “ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருவதை ஞாபகார்த்தமாக எழுதி வைக்கிறோம்” என்று இருந்தால், நடந்து முடிந்ததன் குறிப்பு என்று வாதாட இடமுண்டு. அத்தகைய குறிப்புக்குப் பதிவு கட்டாயம் அன்று. உங்களுடையதில் “இது முதல் அடைந்து” என்று இருக்கிறது. அந்தத் தாளே உரிமையை உண்டாக்குகிறது என்று பொருள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும் ஆவணத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. செய்யாவிட்டால் 49ஆம் பிரிவின்படி உரிமைக்கு அது சான்றாகாது. யார் எந்தப் பக்கம் அனுபவித்தார்கள் என்ற துணை விவரத்துக்குக் காட்டலாம், அதற்கும் குறைவுபட்ட முத்திரைத் தீர்வையை அபராதத்தோடு கட்டிய பிறகுதான். இவ்வளவும் கையெழுத்துப் போட்ட இருவருக்கு இடையில். கையெழுத்தே போடாத அப்பாயியையும் அத்தைகளையும் அந்தத் தாள் எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது.

மேலத்தெரு எழுதியது:

சட்டத்துணை அவர்கள் சொல்வதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. நடைமுறையில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அண்ணன் தம்பி இருவரும் முப்பது ஆண்டுகள் உழுது தீர்வை கட்டியிருக்கிறார்கள். அத்தைகள் ஒரு நாளாவது வந்து கேட்டார்களா? அவர்களுக்கு நகையும் சீரும் செய்துதானே அனுப்பினார்கள்? பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருந்தாலே போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

சட்டத்துணை எழுதியது:

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக ஏற்பட்டது. பட்டா மாற்றம் உரிமையைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு அனுபவ வாதம் அந்நியருக்கு எதிராக எடுபடலாம். கூட்டுப் பங்காளிகளில் ஒருவருடைய அனுபவம் சட்டத்தின் பார்வையில் எல்லோருக்குமான அனுபவம். உனக்குப் பங்கில்லை என்று அத்தைகளுக்குத் தெரிய வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததை நிரூபித்தால்தான் வாதம் நிற்கும். கேட்காமல் இருந்தது விட்டுக்கொடுத்ததாகாது. சீர் செய்தது அன்பினால். அது பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கிராமக் கணக்கு எழுதியது:

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலத்தெரு அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டாவில் பெயர் ஏறுவதற்கு நாங்கள் என்ன பார்த்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது வயலில் நின்றவர் பெயரைக் கேட்டு எழுதியதும் உண்டு, ஒருவர் பெயரை அடுத்த சர்வே எண்ணில் மாற்றி எழுதியதும் உண்டு. அந்தப் பிழைகளைத் திருத்துவதற்கு இன்றைக்கும் மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

நன்செய் அவர்கள் முதலில் தாத்தாவின் இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கட்டும். 1994இல் கிராமத்தில் வீட்டிலேயே நேர்ந்த இறப்பென்றால் பதியாமல் விட்டிருக்கலாம். பழைய கிராமப் பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு இடத்திலும் தேட வேண்டும். பதிவு இல்லையென்றால், இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். இறந்து ஓராண்டு கடந்துவிட்டால் அவருடைய ஆணையின் பேரில்தான் பதிய முடியும். இறப்புச் சான்று கைக்கு வந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்ப, வட்டாட்சியர் வழங்குவார்.

விண்ணப்பத்தில் அத்தைகளின் பெயரை விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நான் பணியில் இருந்தபோது, வேறொரு குடும்பத்தில் தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு மகளின் பெயர் விடுபட்டு, அக்கம்பக்கத்தார் இருவர் தெரிந்தே சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அந்த அம்மாள் தம் திருமணப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தகப்பனார் பெயர் மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தில் பளிச்சென்று இருந்தது. சான்றிதழ் ரத்தானது. அதை நம்பி வாங்கியவர் இன்னும் வழக்கு நடத்துகிறார்.

சிங்கைவாசி எழுதியது:

நன்செய் அவர்களின் குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது? நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான்.

பழைய எழுத்தர் எழுதியது:

அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலர் முன்பாகவோ நோட்டரி முன்பாகவோ பொது அதிகார ஆவணத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தபால் உறையைக்கூடப் பத்திரமாக வைத்திருங்கள். எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பங்கை, யாருக்கு விடுவிக்க அதிகாரம் தருகிறீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள்.

நன்செய் எழுதியது:

என் தங்கையும் துபாயில் இருப்பதால் அந்தப் பதில் எனக்கும் பயன்பட்டது. இன்னொரு சிக்கல். சின்ன அத்தையின் மகனுக்கு இப்போது பதினேழு வயது நடக்கிறது. பதினெட்டு முடிய எட்டு மாதம் இருக்கிறது. அவனுக்காக மாமா கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

சட்டத்துணை எழுதியது:

தந்தை இயற்கைக் காப்பாளர்தான். ஆனாலும் மைனருடைய அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் மாற்றிக்கொடுத்தால், பையன் மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்துச் செய்துவிடலாம். அனுமதி மனுப் போட்டால், இந்த மாற்றம் மைனருக்கு நன்மை தருமா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒரு பைசா வாங்காமல் விட்டுக்கொடுப்பதை எந்த நீதிபதி நன்மை என்பார்? எட்டு மாதம் பொறுத்திருந்து அவன் கையாலேயே கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவரிடம் நிலைமையைச் சொல்லி, கிரைய ஒப்பந்தத்தின் கெடுவை எழுத்து மூலம் நீட்டித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய எழுத்தர் எழுதியது:

அந்த எட்டு மாதத்தில் மீதி மூன்று சான்றிதழ்களும் வந்துவிடும். இனி எந்தப் பத்திரம் என்பது அத்தை தரப்பின் மனத்தைப் பொறுத்தது.

அவர்களுக்குப் பணம் வேண்டுமென்றால், தனியாக விடுதலை எதுவும் எழுத வேண்டாம். சித்தப்பா உட்படப் பங்காளிகள் அனைவரும் ஒரே கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட்டு, அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளலாம். நிலமாகவே வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, நில அளவரைக் கொண்டு உட்பிரிவு செய்து, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ஏற்ற வேண்டும். விட்டுக்கொடுக்க மனமிருந்தால் விடுதலைப் பத்திரம். கிரையத்துக்கு ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் ஆகும். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைக்கு 2023 ஜூலை முதல் ஒரு சதவீதத் தீர்வை, உச்சவரம்பு 40,000 ரூபாய். ஒரு சதவீதக் கட்டணம், உச்சவரம்பு 10,000 ரூபாய். குடும்பம் என்றால் யார் யார் என்று முத்திரைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. உங்கள் அம்மாவும் தங்கையும் உங்களுக்கு எழுதித் தருவது சந்தேகமில்லாமல் அதற்குள் வரும். அத்தை தரப்பு எழுதுவதை, வரைவைச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே காட்டி, எந்த இனத்தில் தீர்வை என்று கேட்டுக்கொண்டு தாள் வாங்குங்கள்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆளுக்கொரு நாளில் கையெழுத்திட்டால் ஒவ்வொருவருக்கும் அவரவர் நாளிலிருந்து கணக்கு. பெரிய அத்தைக்கு நடமாட முடியாவிட்டால் சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்துப் பதியவும் சட்டத்தில் இடமுண்டு. வயலில் உழைத்த கைகளுக்கு ரேகை தேய்ந்திருக்கும். அலுவலகக் கருவியில் ஐந்தாறு முறை வைத்தாலும் ஏறாது. அழைத்து வருவதாக இருந்தால் காலையிலேயே ஈரத்துணியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் எடுத்துச் செல்லுங்கள்.

நன்செய் எழுதியது:

நேற்று மன்னார்குடியில் பெரிய அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். கணக்கை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வந்தார். அதில் 1968ஆம் ஆண்டு மூலப் பத்திரம் இருந்தது. காணவில்லை என்று நாங்கள் இத்தனை நாள் தேடியது. அப்பாயி கடைசியாக அவர் வீட்டில் இருந்தபோது கொடுத்து வைத்தாராம். விற்றவரின் கட்டைவிரல் ரேகை இன்னும் நீல மையோடு தெளிவாகத் தெரிகிறது.

பணம் வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். “எனக்குப் பங்கே இல்லை என்று எழுதாதே. இருந்தது, நான் கொடுத்தேன் என்று எழுது” என்றார். பத்திரத்தில் அப்படி எழுத முடியுமா ஐயா?

பழைய எழுத்தர் எழுதியது:

அப்படித்தான் எழுத வேண்டும், தம்பி. இல்லாத உரிமையை விடுவிக்க முடியாது. இன்ன தேதியில் தகப்பனார் இறந்த வகையிலும் இன்ன தேதியில் தாயார் இறந்த வகையிலும் தமக்குப் பாத்தியப்பட்ட நான்கில் ஒரு பங்கு என்று முதலில் சொல்லி, அதன் பிறகுதான் விடுதலை வாசகம் வரும். சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மூலப் பத்திரத்தோடும் இப்போதைய புலப்படத்தோடும் ஒப்பிட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். வரைவை நானே போட்டுத் தருகிறேன்.